பால்மரத்துச் சப்பாத்து

போன வருடம் ஒரு காலை, ஈப்போ ரயில் நிலையம். கோலாலம்பூர் வண்டிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. எதிர் பெஞ்சில் ஓர் இளைஞன் கால்மேல் கால் போட்டுக் கைபேசியில் மூழ்கியிருந்தான். மேலே கிடந்த காலின் சப்பாத்து என் கண்ணுக்கு நேராக நின்றது. கணுக்காலை மூடும் உயரம். மணல் நிறத்தில் பூனை முதுகு போல மெத்தென்ற தோல். பக்கத்துக்கு இரண்டே துளை, அவற்றில் ஒரு கயிறு. பூவேலை, பட்டை, பித்தளை எதுவும் கிடையாது. அதற்குக் கீழே இருந்த அடியைப் பார்த்ததும் என் பார்வை அங்கேயே தங்கிவிட்டது. தேன் நிறம். ஓரத்தில் மெல்லிய தாள்களை அடுக்கி அழுத்தியது போல வரிவரியாகத் தெரிந்தது. தரையைத் தொடும் பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகச் சுருக்கம்.

அந்தச் சுருக்கம் எனக்குப் பழக்கமானது. சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா பால்மரம் வெட்டினார். அப்பா ஆலையில் உருளை ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குத் தேநீர் கொண்டுபோவது என் வேலை. உலர்த்தும் அறையில் வரிசையாகத் தொங்கிய கிரேப் தாள்களுக்கு நடுவில் நுழைந்து போவேன். கன்னத்தில் உரசும் அந்தச் சொரசொரப்பை அறுபது வயதுக்குப் பிறகு ஒரு அந்நியனின் காலடியில் கண்டேன்.

அவனிடம் கேட்டிருக்கலாம். எழுவதற்குள் அவன் வண்டி வந்துவிட்டது. கைப்பையில் இருந்த குறிப்பேட்டை எடுத்து வரைந்துகொண்டேன். முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்ட கை, அளவு தப்பவில்லை.

அந்தத் தாளை எங்கள் ஊர் அஞ்சடியில், கடைகளின் முன்நடையில், சப்பாத்து தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“டெசர்ட் பூட், டீச்சர். வெள்ளைக்காரன் சரக்கு. அடி கிரேப்பு. வெயில்ல இளகும், எண்ணெ பட்டா ஊதிரும், அழுக்கு ஏறுனா இறங்காது. ஆனா காலுக்குப் பஞ்சு மாதிரி.”

“அண்ணே, இந்த கிரேப்பு எங்கிருந்து வருது?”

“முந்தி சிலோன் தகடு வரும். நம்ம ஊருலயும் போட்டாங்களே, உங்க அப்பாவுக்குத் தெரியாததா?”

பெயர் கிடைத்துவிட்டது. கிடைத்த பெயரைப் பிடித்துக்கொண்டு பல மாதம் படித்தேன். அந்தச் சப்பாத்தே ஒருவர் காலை இன்னொருவர் பார்த்துப் பார்த்து வந்த வம்சம் என்று தெரிந்தது.

இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தில் ஸ்ட்ரீட் என்ற ஊர். சைரஸ், ஜேம்ஸ் என்ற கிளார்க் சகோதரர்கள் 1825-இல் அங்கே தொழில் தொடங்கினார்கள். குவேக்கர் சமயத்தவர்கள். ஜேம்ஸின் கொள்ளுப்பேரன் நேத்தன் கிளார்க். இரண்டாம் உலகப் போரில் ராணுவப் போக்குவரத்துப் பிரிவில் அதிகாரியாகி 1941-இல் பர்மாவுக்கு அனுப்பப்பட்டார். போகிற இடத்தில் புது மாதிரிச் சப்பாத்து ஏதாவது கண்ணில் பட்டால் எழுது என்று அண்ணன் பேன்கிராஃப்ட் சொல்லி அனுப்பியிருந்தார். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்துவிட்டு பர்மாவுக்கு வந்த எட்டாம் படையின் அதிகாரிகள் சிலர் ஓய்வு நேரத்தில் முரட்டு மெத்துத்தோல் பூட் போட்டுத் திரிவதை நேத்தன் பார்த்தார். அடி கிரேப். எங்கே வாங்கியது என்று விசாரித்தபோது கெய்ரோவின் கான் எல்-கலீலி கடைத்தெருவைக் காட்டினார்கள்.

கெய்ரோத் தையற்காரர்களுக்கு அந்த மாதிரி எப்படி வந்தது? அப்படித் தைத்துத் தரச் சொன்னவர்கள் தென்னாப்பிரிக்கப் படைவீரர்கள். அவர்கள் ஊரில் அதற்கு ஃபெல்ட்ஸ்கூன் என்று பெயர். வெளிநிலத்துச் சப்பாத்து என்று பொருள். மேல்தோலின் ஓரத்தை உள்ளே மடிக்காமல் வெளியே விரித்து, அடியோடு சேர்த்துத் தைப்பது அதன் இலக்கணம். ஆணி வேண்டாம், பெரிய பட்டறையும் வேண்டாம். டச்சுக் குடியேறிகள் இந்தத் தையலை அந்த மண்ணின் கோய்கோய் மக்கள் காலில் பார்த்துக் கற்றார்கள் என்பர். ஆக, கோய்கோய் காலில் இருந்தது டச்சுக்காரன் காலுக்கு வந்தது. அவன் பேரன் காலில் ஏறிக் கெய்ரோ வந்தது. அங்கிருந்து ஆங்கில அதிகாரி காலில் பர்மா வந்தது. சங்கிலியில் கடைசியாகப் பார்த்தவர் பெயர்தான் புத்தகங்களில் நிற்கிறது.

நேத்தனின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. படம் வரைந்து, மாதிரி வெட்டி ஊருக்கு அனுப்பினார். அங்கே யாரும் கையில் எடுக்கவில்லை. போர் முடிந்து திரும்பியவர் தானே உட்கார்ந்து தோல் வெட்டினார். இது விலைபோகாது என்று சொந்தக் கம்பெனியிலேயே சொன்னார்கள். 1949-இல் சிகாகோ காலணிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். எஸ்க்வயர் இதழின் ஃபேஷன் ஆசிரியர் பார்த்துப் பிடித்துப்போய் வண்ணப் படத்தோடு எழுதினார். 1950-இலிருந்து அது உலகச் சரக்கு. பாரிஸ் மாணவர்களும் ஜமைக்காவின் பாட்டுக்காரர்களும் அதைத் தங்கள் அடையாளமாக ஆக்கிக்கொண்டார்கள். நேத்தன் 2011-இல் 94 வயதில் காலமானார்.

நான் படித்த கட்டுரைகள் எல்லாம் தோலைப் பற்றி நிறையச் சொல்கின்றன. எந்தத் தோல் ஆலை, என்ன மெழுகு, எத்தனை தையல் என்று விவரம் இருக்கிறது. அடிக்கு வந்தால் ‘பிளான்டேஷன் கிரேப்’ என்ற ஒரே சொல்லோடு தாண்டிப் போய்விடுகின்றன. பிளான்டேஷன் என்றால் தோட்டம். எந்தத் தோட்டம், அங்கே யார் இருந்தார்கள்? அந்த ஒரு சொல்லுக்குள் எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்க இருக்கிறது. தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ரப்பர் மரம் இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. மறு வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 எங்கள் பேராக்கின் குவாலா கங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் இன்னும் அங்கே வேலிக்குள் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளை நான் அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறேன்.

கிரேப் எப்படி ஆகிறது என்பதைச் சுருக்க எனக்கு விருப்பமில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கோடு நிரைக்குள் போக வேண்டும். ஒரு நிரைக்கு முந்நூறு, நானூறு மரம். உளியால் பட்டையைச் சரிவாக, தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. வெயில் ஏறுமுன் வெட்டி முடித்தால்தான் பால் நிறைய ஓடும். பிறகு மங்குகளில் விழுந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும்.

அதற்குமேல் அப்பாவின் கணக்கு. பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து, நிறம் மங்காமல் இருக்க மருந்து போட்டு, ஆசிட் ஊற்றி உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை வரிபோட்ட இரும்பு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். மேலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். கட்டி நசுங்கிக் கிழிந்து, திரும்ப ஒட்டிச் சுருக்கமான துணி போல வெளியே வரும். இப்படிப் பல முறை ஓட்ட வேண்டும். சீட்டு ரப்பர் என்றால் புகை போடுவார்கள், தவிட்டு நிறமாகிவிடும். கிரேப்புக்குப் புகை ஆகாது. காற்றிலேயே நாள்கணக்கில் தொங்கி உலர வேண்டும். அதனால்தான் அந்த வெளிர் நிறம். உலர்ந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தினால் சப்பாத்து அடிக்கான தகடு. இளைஞன் காலில் நான் பார்த்த வரிகள் அந்தத் தாள்களின் ஓரங்கள்.

இதைச் செய்தவர்கள் காலில் என்ன இருந்தது என்று பாட்டியிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். 1928-இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். “காலுல சேறு இருந்துச்சு” என்றார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. அந்தப் புழு ஈர மண்ணில் காத்திருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. குடலில் தொற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. சோகை பிடித்தவன் வேலைக்கு எழ முடியாமல் கிடந்தால், சோம்பேறி என்று கங்காணி அரைநாள் கூலியைப் பிடிப்பான். உலகத்துக் கால்களுக்கு அடி போட்ட இடத்தில் ஆளுக்கு ஒரு ஜோடிச் சப்பாத்து அத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும். எனக்கு இதை எழுதும்போது இன்றும் கோபம் வருகிறது.

நேத்தன் பர்மாவுக்கு வந்த அதே 1941 முடியும் தறுவாயில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் படுத்தன. நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கொடுக்க இலங்கையே பெரிய ஆதாரமாக மிஞ்சியது. அங்கே மரங்களைச் சக்கையாகப் பிழிந்து வெட்டினார்கள். இங்கே கூலியும் அரிசியும் இல்லாமல் கிடந்தவர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு அழைத்துப் போனார்கள், இழுத்தும் போனார்கள். 415 கிலோமீட்டர், 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த வேலை. மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000 பேருக்கு மேல், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். என் தாத்தா 1943-இல் லாரி ஏறினார். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை.

பர்மாவில் ஓர் அதிகாரி கிரேப் அடியைப் பார்த்து வியந்தார். இரண்டு வருட இடைவெளியில், அதே பர்மாவை நோக்கிப் போன பாதையின் சரளைக்கல்லில் கிரேப் போட்ட தோட்டத்து ஆட்கள் வெறுங்காலோடு நடந்தார்கள்.

கடைசியாக அஞ்சடிக்குப் போனபோது பெரியவர் ஒரு கிரேப் துண்டைக் கொடுத்தார். யாருக்கோ அடி மாற்றியதில் மிஞ்சியது, உள்ளங்கை அளவு. காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தேன். தொண்ணூறைத் தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரியாது. என்ன என்று நான் சொல்லவில்லை.

விரலால் தடவினார். மடித்துவிட்டு, திரும்பி வருகிறதா என்று பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்து மெதுவாக இறக்கி, ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று எண்ணினார்.

“ஏழு தாளு” என்றார். “நல்லா உலந்த சரக்கு. எந்தத் தோட்டத்துப் பாலு, ஆயி?”