ஊவா மலைக்காட்டின் சிற்றுயிர்கள்

காடு காத்தல் என்றவுடன் யானையும் சிறுத்தையுமே பலருடைய நினைவில் எழும். தவளையையும் ஓணானையும் எண்ணுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஊவா மலைநாட்டுக் காடுகளின் கதை இச்சிற்றுயிர்களின் கதையுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பதுளையைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் காடு வெட்டித் தீயிடப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் அங்கே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்திற்று. எனினும் காடு மீளவில்லை. அந்நிலத்தைத் தேயிலை கைக்கொண்டது.

1873இல் கியூ தாவரத் தோட்டத் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது காக்குமாறு அறிவுறுத்தினார். 1885இல் வனச் சட்டம் பிறந்தது. மழை, ஆற்றுநீர், மரம் ஆகியவையே அன்றையோர் கருத்தில் நின்றன. அவர்கள் காத்த நிழலில் சிற்றுயிர்களும் பிழைத்தன. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தங்கமலை சரணாலயமாயிற்று.

இலங்கையின் மரத்தவளைகளிற் பெரும்பாலானவை நீரில் முட்டையிடுவதில்லை. ஈரமண்ணிலோ இலையிலோ இட்ட முட்டையினின்று, தலைப்பிரட்டைப் பருவமின்றியே குட்டித்தவளை வெளிவருகிறது. ஆதலின் அவற்றுக்குக் குளம் வேண்டா. நிழலும் சருகின் ஈரமும் வேண்டும். மரம் வீழ்ந்து மண் உலர்ந்தால் முட்டையும் உலர்ந்துவிடும். மூக்கு நுனியிற் கொம்புடைய ஓணான்களும் இலங்கையில் உள்ளன. அவற்றுள் மலைநாட்டில் வாழ்வனவற்றுக்கும் நிழற்காடே உறைவிடம்.

2002இல் அறிவியலார் இத்தீவில் 100க்கும் மேற்பட்ட தவளையினங்கள் உண்டென அறிவித்தனர். பழைய அருங்காட்சியகச் சேகரிப்புகளோடு ஒப்பிட்டபோதோ, பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அற்றுப்போனமை தெரியவந்தது.

ஊவாவின் புல்மலைகளில் பின்னர் யூக்கலிப்டசும் பைனஸும் நடப்பட்டன. பைனஸ் சருகு வேனிலில் எளிதில் தீப்பற்றும். ஆனால் வளர்ப்புக்காடும் திருந்தக்கூடியதே. தென்மேற்கிலுள்ள சிங்கராஜக் காட்டின் விளிம்பில், பைனஸ் நிழலிடையே நாட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டியுள்ளனர் ஆய்வாளர்.

ஊவாவுக்குத் தேயிலையே வாழ்வு. அதனைக் கைவிட வேண்டியதில்லை. ஓடைக்கரைக் காட்டை வெட்டாது விடுதல், விழுந்த மரத்தை மட்கவிடுதல், சருகிற்குத் தீயிடாமை, நீரோடும் கான்களின் அருகே மருந்து தெளியாமை ஆகிய நான்கும் எந்தத் தோட்டத்திற்கும் இயலும். அன்று தற்செயலாகப் பிழைத்த உயிர்களை இனி அறிந்தே காத்தல் நம் கடன்.