பெங்களூர் முஸ்லிம்ஸ்: பட்டியலில் ஒரு வரி

1891 இல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை நெடுங்காலம் பிரித்தானியப் படைப்பிரிவுகளே வென்றுவந்தன. 1937 இல் அதனை முதன்முதலாக வென்ற இந்திய அணி கல்கத்தாவினுடையதன்று, பெங்களூரினுடையது. இறுதியாட்டத்தில் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கை வீழ்த்திய ‘பெங்களூர் முஸ்லிம்ஸ்’, மறு ஆண்டும் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

அந்த ஆரவாரம் அடங்கிப் பல பத்தாண்டுகள் ஆயின. பெங்களூர்க் கால்பந்து என்றதும் மாணவர் பலருக்கு நினைவில் எழுவது 2013 இல் தோன்றிய பெங்களூரு எஃப்.சி.தான்.

வென்ற அணியின் பெயரை ஆவணம் காத்தது. ஆடியவர்தம் வாழ்வைக் காப்பவை குடும்பங்களே: சுவரில் தொங்கும் குழுப்படம், பாட்டனார் சொன்ன ஆட்டக் கதை. கண்டோன்மெண்ட் வீடுகளில் இத்தகைய நினைவுகள் தமிழிலும் தக்கனி உருதுவிலும் வழங்குபவை. ஆங்கில ஆவணம் மட்டும் படிப்பவருக்கு அவை எட்டா. கோப்பைப் பட்டியலை எப்போதும் படியெடுக்கலாம். சொல்வோர் இருக்கும்போதே கேட்டுப் பதிவதுதான் நம் கடன்.