புல்லட்டில் எது ஒரிஜினல்?

ஆர்.சி. புக்கில் இருக்கிற இன்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கிற இன்ஜின் நம்பரும் ஒன்றில்லை. காசைக் கொடுத்து, தி.நகரிலிருந்து மந்தைவெளி வரை தள்ளிக்கொண்டு வந்து, மண்ணெண்ணெய் போட்டு அழுக்கைத் துடைத்த பிறகுதான் இதைப் பார்த்தேன். (முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.)

வண்டி 1984 மாடல் புல்லட். ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் பதினோரு வருடமாக நின்றிருந்தது. விற்றவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். போன் போட்டேன்.

"மாமா, இன்ஜின் நம்பர் வேறயா இருக்கே?"

"ஆமாண்டா, தொண்ணூத்தி மூணுல கிராங்க் கேஸ் விண்டுபோச்சு. புதுப்பேட்டையில ஒண்ணு வாங்கிப் போட்டோம். அப்பல்லாம் யாரு நம்பரைப் பார்த்தா?"

ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் நம்பரை ஏன் யாருமே பார்க்கவில்லை என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததில், நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய கதை கிடைத்தது.

முதல் விஷயம், புல்லட்டே நமக்கு ஒரு வகையில் செகண்ட் ஹேண்ட்தான். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி செய்த மோட்டார் சைக்கிள் அது. சென்னையில் அதை இறக்குமதி செய்து விற்றது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955ல் இரண்டு பேரும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பித்தார்கள். திருவொற்றியூர் தொழிற்சாலையில் 1956ல் வேலை தொடங்கியது. அந்த வருடம் வெளியே வந்தது மொத்தம் 163 வண்டி. அதுவும் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த பாகங்களை இங்கே பூட்டியது. அடுத்து வார்ப்புகளும் அச்சுகளும் இங்கே வந்தன. 1962க்குள் எல்லா பாகமும் இங்கேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1967ல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடினார்கள். கொஞ்ச நாளில் இங்கிலாந்தில் கம்பெனியே இல்லாமல் போனது. அம்மா செத்தது தெரியாத பிள்ளை மாதிரி திருவொற்றியூர் மட்டும் அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தது. 1977ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தார்கள். தன் ஊரில் நிறுத்திவிட்ட பழைய வண்டியை, சென்னையிலிருந்து புதுசாக வாங்கிக்கொண்டான் வெள்ளைக்காரன்!

இங்கே டிசைனை மாற்றவில்லை என்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வார்கள். பாதி உண்மை. போட்டி இல்லாத காலம், லைசென்ஸ் ராஜ்யம், புது மாடல் கொண்டுவர வேண்டிய அவசரமே யாருக்கும் இல்லை. ஆனால் அந்தச் சோம்பேறித்தனம்தான் புல்லட்டைச் சாகவிடாமல் காப்பாற்றியது என்பது என் கட்சி. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. இந்தக் கணக்கு பல பத்தாண்டுகளுக்கு மாறவே இல்லை. இன்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. அதனால் ஒரு வண்டியின் கியர் பாக்ஸைக் கழற்றி இருபது வருடம் இளைய இன்னொரு வண்டியில் மாட்டினால், பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். 6 வோல்ட் 12 வோல்ட் ஆனது மாதிரி சில மாற்றங்கள் உண்டு. மற்றபடி ஒரு வண்டி செத்தால் நாலு வண்டி பிழைத்துக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் பிழைத்தே ஆகவேண்டிய கட்டாயமும் இருந்தது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கதையை நம் தாத்தாக்கள் எல்லோரும் சொல்வார்கள். புது வண்டி கைக்குக் கிடைக்காத ஊரில் பழைய வண்டிக்கு என்ன மரியாதை இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். மைசூரிலிருந்து வந்த ஜாவா, பிறகு யெஸ்டி. (கிக்கரும் கியர் லீவரும் ஒரே கம்பி! உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு அதையே முன்னால் மடக்கி கியர் போட வேண்டும்.) எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத். அப்புறம் புல்லட். நடுத்தர வர்க்கத்தின் மோட்டார் சைக்கிள் உலகம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூரில் ஒரு மனுஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் கார்புரேட்டரைக் கழற்றி உட்கார்ந்திருந்தால், அதை யாரும் ஹாபி என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டும், அவ்வளவுதான்.

வேலையையே விளையாட்டாக்கியவர்களும் இருந்தார்கள். ஊருக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது வரைக்கும் சென்னையின் வேகமெல்லாம் சோழவரத்தில்தான்.

எல்லாம் மாறியது 1984க்கும் 1986க்கும் நடுவில். ஓசூரில் இந்த்-சுசுகி, அப்புறம் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100, கவாசாகி பஜாஜ் என்று ஜப்பான்காரன் கை வைத்த 100 சி.சி. வண்டிகள் வரிசையாக இறங்கின. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிற வண்டி! புல்லட் மாதிரி முதலில் ஆம்ப்ஸ் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து, பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு, சாமி கும்பிட்டு உதைக்கிற வேலையெல்லாம் இல்லை. தப்பாக உதைத்தால் திருப்பி உதைக்காது. (திருப்பி உதைத்தது. போன மாதம். இன்னும் கெண்டைக்கால் வலிக்கிறது.)

இனி பழைய வண்டி தேவையில்லை என்று ஆன பிறகுதான் அது ஹாபி ஆனது. ஏதோ ஒரு வண்டி என்று ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஜப்பான் வண்டிக்கு மாறினார்கள். மாறாமல் நின்றவர்கள் ரசிகர்கள் ஆனார்கள். இருபது வருடம் போனதும் அந்த ஜப்பான் வண்டிக்கே அதே கதி! 1996ல் நின்றுபோன ஆர்.எக்ஸ். 100க்கு இன்று இருக்கிற விலையைக் கேட்டால், 'புதுசாவே ஒண்ணு வாங்கிடலாமே' என்கிறார் அப்பா. 1983லிருந்து 1989 வரைக்கும் மட்டும் வந்த ராஜ்தூத் 350 பற்றிக் கேட்கவே வேண்டாம். இரட்டை சிலிண்டர், ஆறு கியர், அசுர வேகம். ஆனால் ஒரு ஸ்பேர் வேண்டுமென்றால் நாய் படாத பாடு. காரணம், அந்த வண்டிக்கு புல்லட் மாதிரி அண்ணன் தம்பி கிடையாது.

அண்ணன் தம்பிகளை எங்கே தேடுவது? புதுசு வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழசு வேண்டுமென்றால் கூவத்தை ஒட்டியிருக்கிற புதுப்பேட்டை. காயலான் கடை என்ற பெயர் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்பார்கள். புதுப்பேட்டை அப்படிப்பட்ட கடைகளின் தலைநகரம். திருட்டு வண்டியைப் பிரித்து விற்கிற இடம் என்ற கெட்ட பெயரும் உண்டு, அவ்வப்போது போலீஸ் சோதனையும் உண்டு. ஆனால் அங்கே போனால் நான் பார்ப்பது வேறு. கடைக்காரர் ஒரு துருப்பிடித்த கம்பியை ஒரு வினாடி திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யெஸ்டி கிளட்ச் ராடு தம்பி, உன் வண்டிக்கு ஆவாது" என்கிறார். எந்தப் புத்தகத்தில் இது இருக்கிறது? பஞ்ச காலத்தில் ஊரே கற்றுக்கொண்ட படிப்பு அது. இன்று எங்கள் மாதிரிப் பையன்கள் ஞாயிறு விடிகாலையில் அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டி, மாமல்லபுரம் வரைக்கும் பழைய வண்டியில் படபடவென்று போகிறோம் என்றால் அந்தப் படிப்பின் மிச்சத்தில்தான்.

இப்போது என் பிரச்சினைக்கு வருகிறேன்.

ஹாபி என்று ஆனதும் கூடவே 'ஒரிஜினல்' என்கிற பைத்தியமும் வந்துவிட்டது. விளம்பரங்களில் 'மேட்சிங் நம்பர்', 'கம்பெனி பெயிண்ட்', 'ஜப்பான் இன்ஜின்' என்றால் விலை ஒரு மடங்கு கூடுகிறது. சட்டமும் அந்தப் பக்கம்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர் தருவார்கள். ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் எடுத்துப் போகலாம்.

பணக்காரர் வீட்டில் துணி போர்த்தி நின்ற காருக்கு இது சரி. ஆபீஸ் போய், பால் வாங்கி, மூன்று பேரை ஏற்றி நாற்பது வருடம் உழைத்த சென்னை மோட்டார் சைக்கிளில் இன்ஜின் மாறாத வண்டி எத்தனை தேறும்? மாற்றியதால்தான் அது உயிரோடு இருக்கிறது. மாற்றாதது எல்லாம் என்றைக்கோ எடைக்குப் போயிருக்கும். என் வண்டிக்கு 50 வயதாக இன்னும் பல வருடம் இருக்கிறது, அந்த விதி என்னைத் தொடாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தொடும். இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மாமா ஏற்றவில்லை. ஏற்றாத வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க முடியாது, என் பெயருக்கும் மாற்ற முடியாது.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இதுக்கு ஏன் தம்பி மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு இருக்க? இந்த நம்பரைத் தேச்சிட்டு புக்குல இருக்கறத அடிச்சிடலாம். அரை மணி நேர வேலை" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சட்டப்படி அது குற்றம். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. அந்த கிராங்க் கேஸ் வேறு யாரோ ஒருவருடைய வண்டியில் ஓடி, உடைந்து, புதுப்பேட்டைக்கு வந்து, மாமாவின் வண்டியைப் பிழைக்க வைத்தது. இன்று 'ஒரிஜினல்' ஆக வேண்டுமென்றால் நான் அழிக்க வேண்டியது அந்த ஒரு நம்பரைத்தான். முதல் வண்டி யாருடையது, நேர் வழியில்தான் புதுப்பேட்டைக்கு வந்ததா என்று கண்டுபிடிக்க மிச்சமிருக்கிற ஒரே தடயமும் அதுதான்.

வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு பாயிண்ட் செட்டைச் சுத்தம் செய்து கொடுத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை.

கிராங்க் கேஸ் வாங்கிய ரசீது இருந்தால் வழி இருக்கலாம் என்று ஒரு வக்கீல் அண்ணா சொல்லியிருக்கிறார். மாமா வீட்டில் 1990களின் பில்கள் எல்லாம் ஒரு டால்டா டப்பாவில் இருக்கின்றன. நேற்று பாதி டப்பா பார்த்தோம். கேஸ் பில், கரண்ட் பில், ஒரு பழைய சினிமா டிக்கெட், 1993 தேதி போட்ட ஒரு லேத் கடைச் சீட்டு. அதில் 'போர் வேலை' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. மீதி டப்பா இந்த சனிக்கிழமை.