சென்னைச் சுவரோவியங்கள்

தெருவோவியம் சென்னைக்கு அண்மையில் வந்திறங்கிய கலை என்று கருதுவோர் உண்டு. அது சரியல்ல. அரை நூற்றாண்டுக்கு மேலாக அண்ணா சாலையே இந்நகரின் திறந்தவெளி ஓவியக்கூடமாக இருந்தது. அங்கே வரைந்தவர்கள் சினிமா பேனர் ஓவியர்கள்.

படத்தின் ஸ்டில்மீது கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி உருவம் பிடிப்பார்கள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிகளைத் தனித்தனியே எழுதி, சாரத்தில் ஏற்றி ஒன்றாகப் பொருத்துவார்கள். அருகில் நின்றால் கன்னத்தில் பச்சையும் நீலமும் திட்டுத்திட்டாகத் தெரியும். பஸ்ஸில் கடப்பவருக்கு அதுவே நாயகியின் முகம். எத்தனை அடி தள்ளி நின்று பார்ப்பார்கள் என்பதைக் கணக்கிட்டே வண்ணம் வைக்கத் தெரிந்த கைகள் அவை. நாட்காட்டி ஓவியங்களால் வீடுதோறும் அறியப்பட்ட கே. மாதவன் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 1957இல் வெளியான ‘வணங்காமுடி’ படத்துக்காக மோகன் ஆர்ட்ஸ் பட்டறை நிறுத்திய சிவாஜி கணேசன் கட்-அவுட்டின் உயரம் சுமார் 80 அடி. படம் தியேட்டரை விட்டு இறங்கியதும் பேனர் துணிக்கு வெள்ளையடித்து அடுத்த படத்தை எழுதிவிடுவார்கள். ஆகவே மூல ஓவியங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. தமிழ்நாட்டு ஓவிய வரலாற்றில் இது பெரிய இழப்பு.

கட்சிகளும் இதே கைகளை நம்பின. தலைவர்களின் கட்-அவுட்டுகள் நாயகர்களின் அளவுக்கு உயர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜெயலலிதாவின் உருவங்கள் சாலைச் சந்திப்புகளை ஆண்டன. தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி இடம்பிடிப்பது வழக்கமாக இருந்தது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1959இலேயே வந்திருந்தும் சுவரெழுத்து தழைத்தது. கடைசியில் தேர்தல் ஆணையத்தின் கெடுபிடிதான் அதை நகரில் ஒடுக்கியது.

பேனர் எழுதும் தொழிலை வீழ்த்தியது ஃப்ளெக்ஸ். 2000க்குப் பின் கணினியில் அச்சான பிளாஸ்டிக் விரிப்பு சில மணி நேரத்தில், குறைந்த செலவில் கிடைத்தது. பட்டறைகள் மூடின, ஓவியர்கள் வேறு பிழைப்புத் தேடினர்.

2009இல் மாநகராட்சி, மேயர் மா. சுப்பிரமணியன் காலத்தில், அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் சுவரொட்டிகளுக்குத் தடை விதித்து, அச்சுவர்களில் ஓவியம் வரையச் செய்தது. நாட்டியம், கிராம வாழ்க்கை, நினைவுச் சின்னங்கள் எனப் பாடநூல் வாசம் வீசும் காட்சிகளே அதிகம். ஆனால் வேலை இழந்த பேனர் ஓவியர்கள் சிலருக்குத் தூரிகையை மீண்டும் எடுக்க அது வாய்ப்பளித்தது. அந்த ஒன்றுக்காகவே இத்திட்டம் நினைவுகூரத்தக்கது.

அடுத்த திருப்பம் 2020இல் நிகழ்ந்தது. கூவம் கரையிலிருந்தும் நகரின் பிற குடிசைப் பகுதிகளிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களுக்காக, 2000ஆம் ஆண்டு முதல் பழைய மகாபலிபுரம் சாலையருகே எழுந்த குடியிருப்பு கண்ணகி நகர். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி ஆகியவை சேர்ந்து அதன் அடுக்குமாடிச் சுவர்களை உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களிடம் ஒப்படைத்தன. சென்னை ஓவியர் ஏ-கில் அங்கே குழந்தைகளின் சிரித்த முகங்களை மாடியளவு உயரத்தில் வரைந்தார். நடிகருக்கும் தலைவருக்கும் மட்டுமே வாய்த்த அந்தப் பிரம்மாண்டம் முதன்முறையாக அப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுவதாகக் குடியிருப்போர் பல காலமாக முறையிட்டுவந்த இடம் அது. வண்ணத்தால் தண்ணீரோ வேலையோ வந்துவிடாது என்ற விமர்சனமும் நியாயமானதே. ஆனாலும் அம்முகங்களின் மதிப்பை அது குறைப்பதில்லை.

இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் நீண்ட சுவரில், எச்ஐவி குறித்த ஒதுக்கலை எதிர்த்து வரையப்பட்ட முகவரிசையும் இதே காலத்தது. தொற்றுடன் வாழ்வோரையும் மற்றவரையும் பிரித்தறிய முடியாதபடி அருகருகே வைத்திருப்பதே அதன் வலிமை. 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலம் முழுவதும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகியது. மக்கள் திரண்டு வந்து படமெடுத்துக்கொண்டனர்.

சென்னையில் அனுமதியின்றி இரவோடிரவாக எழுதப்படும் கிராஃபிட்டி குறைவு. பெரிய ஓவியங்கள் பெரும்பாலும் அரசோ நிறுவனமோ தேர்ந்தெடுத்த சுவர்களில்தான் வருகின்றன. தேர்வுசெய்யும் இடத்தில் அச்சுவருக்குப் பின்னே வாழ்பவர்களும், எஞ்சியுள்ள பேனர் ஓவியர்களும் உட்கார வேண்டும்.