குதிரைத் தாக்கும் தமிழகச் சதுரங்கமும்

சதுரங்கத்தில் ஒரு காய் ஒரே நகர்வில் எதிரியின் இரண்டு காய்களைத் தாக்குவதை இரட்டைத் தாக்கு என்பர். ராஜா, ராணி, யானை, மந்திரி எதைக் கொண்டும் இரட்டைத் தாக்கு நடத்தலாம். ஆனால் குதிரை காய்களைத் தாண்டிச் செல்வதால், அது வைக்கும் செக்கை இடையில் வேறு காய் வைத்துத் தடுக்க முடியாது. குதிரையை வெட்ட வேண்டும், இல்லையேல் ராஜா விலக வேண்டும்.

1,000 ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரையின் நடை மாறவில்லை. மாறியது அதன் இலக்கு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ராணி பெருவலிமை பெறும்வரை, குதிரைக்குச் சிக்கும் பெரிய காய் யானையே.

தமிழகத்தில் இந்த நடையை இலக்கியமும் பயின்றது. 14ஆம் நூற்றாண்டில் வேதாந்த தேசிகர் இயற்றிய பாதுகா சகஸ்ரத்தில், 32 எழுத்துகள் கொண்ட ஒரு சுலோகத்தைக் குதிரை நடையில் படித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கும்.

பழைய இந்திய ஆட்டத்தில் கோட்டை கட்டுதல் இல்லை. பல பகுதிகளில், செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒருமுறை குதிரைபோல் தாவ முடிந்தது. அதனால் குதிரை வைத்த முதல் செக், காய் எதையும் வெல்லாவிட்டாலும், அந்த உரிமையைப் பறித்தது. ஐரோப்பிய விதிகள் பரவியபின் ராஜாவின் காப்பு கோட்டை கட்டுதலாயிற்று.

அந்த ஐரோப்பிய விதிகளில் ஆடியே 1961இல் மானுவல் ஆரன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியது. விசுவநாதன் ஆனந்த் அங்கே பயின்று, 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார்.

இன்றைய ஆட்டத்தில் குதிரையின் தாக்கிலும் அதற்கெதிரான தற்காப்பிலும் கட்டத்தின் நிறம் முக்கியம். ஒவ்வொரு நகர்விலும் குதிரை நிறம் மாறும். ஆகவே அது ஒருசேரத் தாக்கும் காய்கள் ஒரே நிறத்தில் நிற்கும். தாவுமுன் குதிரை நிற்பதும் அதே நிறம். பி5இல் நிற்கும் வெள்ளைக் குதிரை சி7க்குத் தாவினால், ஈ8இலுள்ள ராஜாவும் ஏ8இலுள்ள யானையும் சிக்கும். பி5, ஈ8, ஏ8 மூன்றும் வெள்ளைக் கட்டங்கள். கறுப்பு ஆட்டக்காரர் முன்னரே ஏ6க்குச் சிப்பாயை நகர்த்தினால், குதிரை பி5இல் நிலைகொள்ள முடியாது. ராஜா பக்கம் கோட்டை கட்டினால், சி7இலிருந்து செக் வராது. ராஜாவையும் பெரிய காயையும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் வைப்பதும், குதிரை இறங்கக்கூடிய கட்டத்தைச் சிப்பாயால் காப்பதும் பொதுவான தற்காப்பு.