மனாவுஸ் ஓபரா அரங்கின் வீழ்ச்சியும் மீட்சியும்: ரப்பர் முதல் இசைக்குழு வரை

பிரேசிலின் அமசோனாஸ் மாநிலத் தலைநகர் மனாவுஸ். அமேசான் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, ரியோ நெக்ரோ கரையில் இருக்கும் அந்த ஊரின் மேட்டில் நிற்கிறது 'தியாத்ரோ அமசோனாஸ்' என்னும் ஓபரா அரங்கு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஓபரா இல்லாமல் கிடந்த அது மீண்ட கதையில் இரண்டு ஆண்டுகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். 1990இல் கட்டடம் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. ஓபரா விழா தொடங்கியதோ 1997இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் கட்டடத்துக்குக் குறைவில்லை. எந்தக் கலைக்காக அதைக் கட்டினார்களோ அந்தக் கலை மட்டும் அங்கே வேர்பிடிக்கவில்லை. அந்த இடைவெளி எப்படி நிரம்பியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விடை தேட வேண்டுமானால், ஓபரா அங்கிருந்து ஏன் போயிற்று என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தடம் இலங்கையையும் மலாயாத் தோட்டப்புறத்தையும் தொட்டுச் செல்கிறது.

ஏற்றுமதி வரியில் எழுந்த மேடை

அரங்கு வேண்டும் என்ற முன்மொழிவு மாகாணச் சட்டமன்றத்துக்கு 1881இல் வந்தது. 1884இல் வேலை தொடங்கியது. தொடங்கியதும் நின்றதும் பலமுறை. வேகம் பிடித்தது 1890களில்தான். 1889இல் முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. 1891ஆம் ஆண்டின் அரசமைப்பு ஏற்றுமதி வரியை மாநிலங்களின் கையில் கொடுத்தது. உலகத்துக்கே ரப்பர் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு மாநிலத்துக்கு இது புதையல் கிடைத்த மாதிரி. 1892 முதல் 1896 வரை ஆளுநராக இருந்த எதுவார்தோ ரிபெய்ரோ அந்தப் பணத்தில் ஓடைகளைத் தூர்த்து அகன்ற சாலைகள் போட்டார், அரங்கையும் ஏறத்தாழ முடித்தார். ரிபெய்ரோ கறுப்பினத்தவர். பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1888இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அவருடைய எழுச்சி தனி ஆய்வுக்குரியது. 1896 டிசம்பர் 31 அன்று அரங்கு திறக்கப்பட்டபோது அவர் பதவியில் இல்லை.

இரும்பு பிரிட்டனிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, விளக்குகளின் கண்ணாடி முரானோவிலிருந்து. குவிமாடத்தை மூடியிருக்கும் 36,000 ஓடுகள் பிரேசில் கொடியின் பச்சையும் மஞ்சளும் நீலமுமாக மின்னுகின்றன. அவையும் அல்சாஸிலிருந்து வந்தவைதான். வரவேற்புக் கூடத்தின் தரையில் ஆணியும் பசையும் இல்லாமல் 12,000 மரத்துண்டுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். இன்றும் பார்வையாளர்கள் செருப்புக்கு மேல் துணியுறை மாட்டிக்கொண்டுதான் அதில் நடக்க வேண்டும். மேடைத் திரையில் கிரிஸ்பிம் தோ அமரால் தீட்டியிருப்பது மனாவுஸுக்கு அருகில் கரிய ரியோ நெக்ரோவும் கலங்கல் நிறச் சொலிமோயஸும் சேரும் சங்கமம். நடுவில் நீர்த்தாய் இயாரா. காட்சி உள்ளூர்க் காட்சி. திரை தயாரானது பாரிஸில்.

கலைஞர்களும் அப்படியே கப்பலில் வந்தார்கள். 1897 ஜனவரி 7 அன்று பொன்கியெல்லியின் 'லா ஜொகோண்டா'வுடன் முதல் பருவத்தைத் தொடங்கியது ஓர் இத்தாலியக் குழு. பருவம் முடிந்ததும் வந்த குழு ஊர் திரும்பும். அடுத்த பருவத்துக்கு இன்னொன்று வரும். இந்த ஏற்பாட்டில் மனாவுஸ் ஓபராவை விலைக்கு வாங்கியதே தவிர, ஓபரா செய்யவில்லை. (இத்தாலியப் பாடகர் கரூசோ இங்கே பாடினார் என்று பலர் இன்றும் எழுதுகிறார்கள். அவர் மனாவுஸுக்கு வந்ததே இல்லை. வெர்னர் ஹெர்சாக்கின் 'ஃபிட்ஸ்கரால்டோ' திரைப்படம் 1982இல் அந்தக் கற்பனைக்கு உலகளாவிய ஆயுள் கொடுத்தது.)

வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். காட்டுக்குள் ரப்பர் பால் எடுத்தவர்களை 'செரிங்கேய்ரோ' என்பார்கள். கத்தி, உப்பு, மாவு எல்லாவற்றையும் முதலாளியின் கடையிலேயே கடனுக்கு வாங்கி, எடுத்த பாலைக் கடனுக்கு ஈடாகக் கொடுத்து, கடன் தீராமலே முடிந்த வாழ்க்கை அவர்களுடையது. மேலே புட்டுமாயோ பகுதியில் பழங்குடியினருக்கு நடந்த கொடுமைகளைப் பற்றி பிரிட்டன் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் எழுதிய அறிக்கை 1912இல் வெளிவந்தது. அதில் குற்றம்சாட்டப்பட்ட ரப்பர் வணிகர் அரானாவின் நிறுவனத்துக்கு மனாவுஸிலும் கிளை இருந்தது.

பால்மரம் கடல் கடந்தது

1876–78இல் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. அதே எல் நினோ ஆண்டுகளில் பிரேசிலின் வடகிழக்கிலுள்ள சியாரா மாநிலத்தையும் 'பெருவறட்சி' வறுத்தெடுத்தது. சியாராவின் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் கப்பலேறி அமேசானுக்குள் சென்று செரிங்கேய்ரோ ஆனார்கள். தாது வருஷத்தில் ஊரைவிட்டு இறங்கிய தமிழர்கள் பல்லாயிரவர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். ஒரே வானிலைப் பிறழ்வு இரண்டு கண்டங்களில் இரண்டு கூலித் தொழிலாளர் கூட்டங்களைத் திரட்டியது. ஒரு தலைமுறை கழித்து அவற்றின் உழைப்பு உலகச் சந்தையில் ஒன்றோடொன்று மோதும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

அதே 1876இல்தான் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இருபதில் ஒரு பங்குகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அந்த ஆண்டே இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடவில் நடப்பட்டன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் சென்றன. அதன்பிறகு இருபது ஆண்டுக் காலம் அவை பெரும்பாலும் காட்சிப்பொருள்தான். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மீன்முள் வடிவில் சீவித் தொடர்ந்து பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். பார்க்கும் தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்ததால் அவருக்குக் 'கிறுக்கன் ரிட்லி' என்று பெயர். மோட்டார் வண்டி பெருகியதும் கிறுக்கு தெளிவாகிவிட்டது.

அமேசானில் இந்த மரம் காட்டுக்குள் ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று நிற்கும். நெருக்கமாக நட்டால் இலைக்கருகல் பூசணம் ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவி முழுத் தோப்பையும் அழித்துவிடும். ஹென்றி ஃபோர்டு 1928இல் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா தோட்டமே அப்படித்தான் தோற்றது. அந்தப் பூசணம் ஆசியாவுக்கு வந்து சேரவில்லை. ஆகவே மலாயாவில் மரங்களை வரிசை பிடித்து நட முடிந்தது. வரிசைக்கு ஆள் வேண்டும். ஆளைக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்தார்கள். 1907இல் இதற்கென்றே மலாயாவில் தமிழர் குடிவரவு நிதி ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, பனியில் மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தவர்களின் உழைப்பே அமேசான் காட்டு ரப்பரைச் சந்தையிலிருந்து வெளியேற்றியது. 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியிருந்தது. 1913இல் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை உற்பத்தியில் முந்தியது. விலை அதற்குள் சரிந்துவிட்டிருந்தது.

இதை வைத்து மனாவுஸை மலாயாத் தமிழர் வென்றதாக யாரும் பெருமை பேச இடமில்லை. வென்றது லண்டன் முதலீடு. லயத்தில் குடியிருந்தவர்கள் அந்த அரங்கின் பெயரைக்கூடக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் ஓர் ஓபரா அரங்கின் வரலாற்றில் கங்காணி முறைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு என்பதை அரங்கைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்தக் குறையைச் சுட்டவே இவ்வளவு விரித்தேன்.

ஓய்ந்த காலம்

ஏற்றுமதி வரி வற்றியதும் வெளிக் குழுக்கள் வருவதும் நின்றது. சொந்தக் குழு என்று ஒன்று இல்லாததால் மேடையில் ஓபராவுக்கு ஆளே இல்லாமல் போனது. 1966இல் அரங்கு தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1967இல் ராணுவ அரசு மனாவுஸைச் சுங்கவரி விலக்குள்ள தொழில் மண்டலமாக விரிவாக்கியது. தொலைக்காட்சிப் பெட்டியும் மோட்டார் சைக்கிளும் பூட்டும் ஆலைகள் வந்தன, காட்டிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் மக்கள் வந்தார்கள், மாநில அரசுக்கு மறுபடி வரி வருமானம் வந்தது. 1974இல் ஒரு பெரிய சீரமைப்பு. 1990இல் இன்னொன்று முடிந்தது. இரண்டுமே கல்லுக்கும் மரத்துக்கும் பூச்சுக்குமான செலவுகள்.

சம்பளப் பட்டியல்

1997இல் மாநில அரசு எடுத்த முடிவு வேறு வகையானது. விழா தொடங்கிய அதே ஆண்டில் 'அமசோனாஸ் ஃபிலார்மோனிகா' என்ற நிரந்தர இசைக்குழுவும் மாநிலப் பாடகர் குழுவும் அமைக்கப்பட்டன; அடுத்த ஆண்டு நடனக் குழு. எல்லாருக்கும் மாநிலக் கருவூலத்திலிருந்து மாதச் சம்பளம். இசைக்குழுவை உருவாக்கும் பொறுப்பை ஏற்ற நடத்துநர் ஜூலியோ மெடாக்லியா, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நிறையப் பேரை அழைத்து வந்தார். சோவியத் கூட்டமைப்பு சிதறியபின் அங்கே தேர்ந்த வாத்தியக்காரர்களின் பிழைப்பு நொடித்திருந்த நேரம் அது. பல்கேரியரும் பெலாரஸ்காரரும் ரஷ்யரும் பூமத்தியரேகை வெக்கையில் வயலின் வாசிப்பது செய்தித்தாள்களுக்கு வேடிக்கைச் செய்தியானது. ஐரோப்பியர் வந்து வாசிப்பது 1897லும் நடந்ததுதானே, என்ன புதுமை என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது.

அதற்கான விடை 1998இல் தொடங்கிய கிளாவ்தியோ சாந்தோரோ கலைப்பள்ளியில் இருக்கிறது. பெயரே ஒரு வரலாற்றைச் சொல்கிறது. பிரேசிலின் முதன்மையான சிம்பொனி இசையமைப்பாளர்களுள் ஒருவரான சாந்தோரோ 1919இல் மனாவுஸில் பிறந்தவர். வயலின் மேற்கொண்டு கற்க அரசு உதவித்தொகையில் சிறுவயதிலேயே அவர் ரியோவுக்குப் போக வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய அரங்கு இருந்த ஊரில் அவரை வளர்த்தெடுக்க ஓர் ஆசிரியமரபு இல்லை. புதிய பள்ளியில் இசைக்குழுவினரே பாடம் நடத்தினார்கள். வந்தவர்களில் சிலர் மனாவுஸிலேயே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். அரங்கின் முதல் வாழ்வில் கப்பலேறித் திரும்பிப்போன திறமை, இரண்டாம் வாழ்வில் ஊரில் தங்கியது.

இசைக்குழு, பள்ளி இவற்றுக்கு அடுத்த மூன்றாவது அடுக்கு பட்டறை. காட்சித்திரை, உடை, மேடைப்பொருள் எல்லாவற்றையும் மாநிலத்தின் தயாரிப்புக் கூடத்திலேயே செய்யத் தொடங்கினார்கள். இதற்கான கைத்திறன் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாக இல்லை. ஆற்றில் கீழ்நோக்கிப் போனால் வரும் பரிந்தின்ஸ் தீவில் ஆண்டுதோறும் ஜூன் இறுதியில் 'போய்-பும்பா' என்னும் காளை விழா நடக்கும். சிவப்பு அணி கரன்சிதோ, நீல அணி காப்ரிச்சோசோ. இரண்டும் ஆளுயரத்தைப் பலமடங்கு மீறிய அசையும் உருவங்களைக் கட்டிப் போட்டியிடும். அந்த விழாவில் கை பழகியவர்களுக்கு வாக்னரின் ஓபராவில் வரும் டிராகன் பெரிய சவால் இல்லை. 2005இல் இசை இயக்குநர் லூயிஸ் ஃபெர்னாண்டோ மல்லெய்ரோவின் தலைமையில் வாக்னரின் நான்கு பகுதி 'ரிங்' தொடர் முழுவதும் இங்கே அரங்கேறியது. ரியோவில் 1922இலேயே அந்தத் தொடரை வெளிநாட்டுக் குழு நிகழ்த்தியிருக்கிறது. மனாவுஸுடையது பிரேசிலிலேயே தயாரானது என்பதுதான் அதன் சிறப்பு. 2008இல் ராக் இசைக்கலைஞர் ரோஜர் வாட்டர்ஸின் 'சா இரா' ஓபராவும் இங்கே மேடையேறியது.

அரங்கில் இருப்பவை 701 இருக்கைகள்தாம். டிக்கெட் விற்றுப் பெரிய ஓபராவின் செலவை ஈடுகட்ட இந்த எண்ணிக்கை போதாது. மனாவுஸுக்கு வரப் பெரும்பாலும் விமானத்தையோ ஆற்றுப் படகையோ நம்ப வேண்டிய நிலையில் வெளியூர் ரசிகர்களை மட்டும் எதிர்பார்த்தும் பயனில்லை. ஆகவே விழாவை அரங்குக்கு வெளியே, எதிரிலுள்ள சாவ் செபாஸ்தியாவ் சதுக்கத்துக்கும் கொண்டுவந்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாக அலையலையாகக் கல் பதித்த அந்தச் சதுக்கத்தில் இலவச நிகழ்ச்சிகள் நடந்தன. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதும் 'காட்டுக்குள் ஓபரா' என்ற வியப்பைவிட இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 20 லட்சம் மக்கள் வாழும் ஆலை நகரம் காடும் அல்ல.

குறைகள் உண்டு. மாநில வரவுசெலவில் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவது இசைக்குத்தான். 2020இல் பெருந்தொற்றால் விழா நடக்கவில்லை. 2021 ஜனவரியில் மனாவுஸ் மருத்துவமனைகளில் ஆக்சிஜனே தீர்ந்துபோனது, அப்போது ஓபராவைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் வந்திருக்காது.

பெலேம் சொல்வது

மனாவுஸின் மீட்சிக்குக் காரணம் வரிவிலக்கு மண்டலம் கொட்டிய பணமா, ஊரிலேயே தங்கிய கலைஞர்களா? இரண்டும் அங்கே ஒருசேர இருப்பதால் அந்த ஊரை மட்டும் பார்த்து முடிவு சொல்ல இயலாது. ஆற்றின் மறுமுனையிலுள்ள பெலேம் இங்கே உதவுகிறது. அங்கும் ரப்பர்க் கால அரங்கு ஒன்று உண்டு: 1878இல் திறந்த 'தியாத்ரோ த பாஸ்'. அதுவும் ரப்பர் வீழ்ச்சியோடு சோர்ந்தது. ஆனால் பெலேமில் 1895 முதலே ஓர் இசைப்பள்ளி இருந்தது. அதன் தலைமையை ஏற்க வந்த இசையமைப்பாளர் கார்லோஸ் கோமெஸ் 1896இல் அந்த ஊரிலேயே இறந்தார். பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1996இல் அரங்குக்கென்று ஓர் இசைக்குழு அமைந்தது. ஓபரா விழா அதன்பிறகு, 2002இல் தொடங்கியது. பெலேமுக்கு மனாவுஸைப் போன்ற தொழில் மண்டலச் சலுகை கிடையாது.

இரண்டு நகரங்களுக்கும் பொதுவாக நிற்பது சம்பளம் வாங்கும் இசைக்குழுவும் அதையொட்டிய பள்ளியும்தான். பணத்தின் ஊற்று ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. மனாவுஸ் மண்டலத்தின் வரிச்சலுகையை 2014ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம் 2073 வரை நீட்டித்திருக்கிறது. ஃபிலார்மோனிகாவின் சம்பளமோ இன்னமும் ஒவ்வோர் ஆண்டும் மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலை எதிர்பார்த்து நிற்கிறது.