ரோவலின் சிறு வாத்தியார்

தொழில் ரகசியத்தை வைத்துப் பிழைக்கும் ஓர் ஆள், அந்த ரகசியத்தையே அச்சடித்து ஊருக்கெல்லாம் ஏன் கொடுக்க வேண்டும்? விளம்பரத் தொழிலின் வரலாற்றைப் படிக்கப்போனபோது ஜார்ஜ் பி. ரோவல் என்ற அமெரிக்கரிடம் இந்தக் கேள்வி என்னை நிறுத்தியது. அவர் ஒருமுறை அல்ல, இரண்டுமுறை அப்படிச் செய்தார்.

ரோவல் 1838இல் வெர்மாண்ட் மாநிலத்தின் கான்கார்டில் பிறந்தவர். பாஸ்டனில் ஒரு நாளிதழுக்குப் பாக்கி வசூலித்துக்கொண்டிருந்தார். எந்தப் பத்திரிகைக்கு யார் விளம்பரம் தருகிறார்கள், யார் காசு கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள் என்பதெல்லாம் வசூல்காரருக்குத்தானே முதலில் தெரியும்? 1865இல் சொந்தமாக விளம்பர முகவர் தொழிலைத் தொடங்கினார். நியூ இங்கிலாந்தின் 100 பத்திரிகைகளில் ஒரு மாதத்துக்கு ஓர் அங்குல இடம், மொத்தம் 100 டாலர். இதுதான் அவர் விற்ற சரக்கு. பத்திரிகைகளிடம் இடத்தை மொத்தமாக வாங்கி, கடைக்காரர்களுக்குச் சில்லறையாகக் கொடுத்தார். சின்ன ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு ரொக்கம் கையில் வருவதே பெரிய விஷயம். அதனால் அவருக்கு மலிவாகக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்து முகவரின் மூலதனம் ஒரு பட்டியல்தான். எந்த ஊரில் என்ன பத்திரிகை வருகிறது, எத்தனை பிரதி விற்கிறது, என்ன விலைக்கு மசிவார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். அதை யாரும் வெளியே காட்ட மாட்டார்கள். நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்த ரோவல் 1869இல் தன் பட்டியலைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். 5,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பத்திரிகைகள், ஒவ்வொன்றுக்கும் அவர் கணித்த விற்பனை எண்ணிக்கையோடு. போட்டியாளர்கள் உழைக்காமலே அதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். ஆனால், விளம்பரம் தர நினைத்த வியாபாரிகளுக்கும் ஒரு விஷயம் புரிந்தது: இந்தக் காட்டுக்கு வரைபடம் வைத்திருப்பவர் யார் என்பது.

பத்திரிகை முதலாளிகள்தான் அதிகம் கோபப்பட்டார்கள். 800 பிரதி அச்சடிப்பவர் 3,000 என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ரோவல் பின்னாளில் ஒரு முறையை வைத்தார். விவரமான கணக்கைக் கையெழுத்திட்டுத் தருபவருக்கு நூலில் எண்ணாகவே போடுவார். தராதவருக்கு அவருடைய மதிப்பீட்டைக் குறிக்கும் ஓர் எழுத்து மட்டும். உத்தரவாதம் பெற்ற எண் பொய் என்று நிரூபிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்றும் அறிவித்தார்.

இங்கேதான் அவர் எனக்கு நெருக்கமானார். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் கேலிப்ரேஷன் பிரிவில் வேலை. ஒரு கருவி காட்டும் எண்ணை நம்புவதற்கு முன், அதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விளம்பர உலகில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்களில் ஒருவர் இந்த வசூல்காரர். 1914இல் விற்பனை எண்ணிக்கையைத் தணிக்கை செய்ய அங்கே ஒரு தனி அமைப்பு உருவாவதற்கு 45 ஆண்டுகள் முன்பே கேட்டுவிட்டார்.

இரண்டாவது முறை 1888இல். 'பிரிண்டர்ஸ் இங்க்' என்று சின்ன அளவில் ஓர் இதழ். முழுக்க விளம்பரக் கலை பற்றியது. தலைப்பு எப்படி எழுதுவது, விலையைப் போடலாமா கூடாதா, ஒரே விளம்பரத்தை எத்தனை தடவை வெளியிடுவது என்றெல்லாம் பேசியது. விளம்பரக் கலையின் சிறு வாத்தியார் என்று தன்னையே அது அழைத்துக்கொண்டது. சார்லஸ் ஆஸ்டின் பேட்ஸ் என்பவர் வாசகர்கள் அனுப்பிய விளம்பரங்களை எடுத்துவைத்து, எது தேறும் எது தேறாது என்று அதில் வெளிப்படையாக எழுதினார். விளம்பரம் எழுதச் சொல்லித்தர வகுப்பு எதுவும் இல்லாத காலத்தில், சின்ன ஊர் ஜவுளிக்கடைக்காரருக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

ரோவல் இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. தன் முகவர் நிலையத்துக்கு ஆள் சேர்க்கத்தான் ஆரம்பித்தார். 1879ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதன்மையாக விளம்பரத்துக்காகவோ இலவச விநியோகத்துக்காகவோ வரும் இதழுக்குச் சலுகைத் தபால் கட்டணம் கிடையாது. அதைக் காட்டித் தபால் துறை சில காலம் சலுகையை மறுத்தது. செலவு கடுமையாக ஏறியது. ஆனாலும் இதழ் நிற்கவில்லை.

நானும் ஒரு மடல் எழுதுகிறேன். மாதம் இருமுறை, நாலு பக்கம், விற்பனையும் விளம்பரமும் பற்றி. கேக் செய்து விற்கும் அக்காக்கள், பசார் மாலமில் கடை போடும் தம்பிகள், பூக்கடைக்காரர்கள் வாசிக்கிறார்கள். "காசு வருதா? வரலைன்னா எதுக்குப்பா விடாம எழுதற?" என்று கேட்காத நண்பர்கள் இல்லை. ரோவலைப் படித்த பிறகு எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. தேதி வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். தேதி வருவதால் யாரையாவது பார்த்து, "விலையை ஏத்தின பிறகு எத்தனை பேர் திரும்பி வந்தாங்கக்கா?" என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. எழுதாவிட்டால் கேட்க மாட்டேன். கேட்காவிட்டால் எனக்குத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டே இருப்பேன்.

ஆனால் ரோவலின் கதையில் சங்கடமான ஓர் அத்தியாயமும் உண்டு. 1890களில் அவர் ஒரு மாத்திரை வியாபாரத்தில் இறங்கினார். பெயர் ரிபன்ஸ் டேபுல்ஸ். ஆறு சரக்குகளின் ஆங்கிலப் பெயர்களிலிருந்து முதலெழுத்தை எடுத்துக் கோத்த பெயர். அவற்றில் கற்றாழையும் உண்டு, எட்டிக்கொட்டையும் உண்டு. செரிமானக் கோளாறுக்கு என்று நாடெங்கும் விளம்பரம். மாத்திரைக் கம்பெனிக்கும் சிறு வாத்தியாருக்கும் ஒரே முகவரி: 10, ஸ்ப்ரூஸ் தெரு, நியூயார்க். பத்திரிகைகளிடம் உண்மையான எண்ணைக் கேட்டவர், அந்தப் பத்திரிகைகளிலேயே மாத்திரைக்கு இடம் பிடித்தார். 1905இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் 'காலியர்ஸ்' வார இதழில் இப்படிப்பட்ட காப்புரிமை மருந்து வியாபாரத்தையே தோலுரித்துத் தொடர் எழுதினார். மறு ஆண்டு உணவு, மருந்துச் சட்டம் வந்தது. அதே 1906இல் ரோவலின் நாற்பதாண்டு நினைவுகள் நூலாயின. 1908இல் இறந்தார்.

அவருக்குப் பின் ஜான் இர்விங் ரோமரின் கையில் இருந்த பிரிண்டர்ஸ் இங்க், 1911இல் ஹாரி நிம்ஸ் என்ற வழக்கறிஞரைக்கொண்டு ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதவைத்தது. பொய்யான, ஏமாற்றும் விளம்பரம் போடுவது குற்றம் என்றது அது. பல மாநிலங்கள் அதை அப்படியே அல்லது சற்று மாற்றி ஏற்றுக்கொண்டன. மாத்திரை விற்றவர் தொடங்கிய இதழின் பெயரே அந்தச் சட்டத்துக்கும் நிலைத்தது.

இதை ரோவலின் பாவமன்னிப்பு என்று படிக்க எனக்கு விருப்பமில்லை. அந்தச் சட்டத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. நான் இதை வேறுமாதிரிப் புரிந்துகொள்கிறேன். நல்ல விளம்பரம் எது என்று இருபத்து மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தால், வாசகருக்குக் கெட்ட விளம்பரமும் அடையாளம் தெரிய ஆரம்பித்துவிடும். அதன் பிறகு ஆசிரியர் எந்த முகவரியில் என்ன விற்கிறார் என்றும் அவர்கள் பார்ப்பார்கள். தொடர்ந்து எழுதுவதில் உள்ள ஆபத்து அது. தொடர்ந்து எழுத அதுவே போதுமான காரணமும்கூட.

போன மாதம் ஒருவர் வந்தார். உடல் இளைக்கும் தேநீர் விற்கிறார். மடலில் அரைப் பக்கம் பாராட்டி எழுதினால் ஆறு மாத அச்சுச் செலவை ஏற்பதாகச் சொன்னார். "எத்தனை பேர் குடிச்சாங்க, எத்தனை பேருக்கு எடை குறைஞ்சதுன்னு கணக்கு இருக்காண்ணே?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாருப்பா எழுதி வைக்கிறா" என்றார். அடுத்த மடலுக்கான தலைப்பு கிடைத்துவிட்டது: வாடிக்கையாளர் கணக்கை எழுதி வைப்பது எப்படி. அச்சுச் செலவு வழக்கம்போல என் சம்பளத்தில்தான்.